வெறுங்குலை கம்போஸ்ட் போட்டால் பாஜா (உர) மூட்டை வாங்க வேண்டாமா?

கேள்வி, மலேசியா குளுவாங்கிலிருந்து:
அண்ணே, அப்பா விட்டுப்போன 6 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. மரத்துக்கு 12 வயது. பாஜா வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஆலையில் கிடைக்கிற வெறுங்குலையை, அதாவது பழம் உதிர்த்தபின் மிஞ்சுகிற குலையை, மட்கவைத்துக் கம்போஸ்ட்டாகப் போட்டால் மூட்டை உரமே தேவையில்லை என்று ஒரு பயிற்சி வகுப்பில் அடித்துச் சொன்னார்கள். நம்பலாமா?

2024 பிப்ரவரி 18, மாலை

நம்பாதீர்கள் தம்பி. நான் 22 வருடம் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது காட்டு வேலையை மேற்பார்க்கிற எழுத்தராக, இருந்தவன். இப்போது பெஸ்தாரி ஜெயாவுக்கு வெளியே 5 ஏக்கர் சொந்தச் செம்பனைக் காடு. (ஊர்ப் பெயரை மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.)

கணக்கைப் பாருங்கள். 6 ஏக்கர் என்றால் 2.4 ஹெக்டர். ஹெக்டருக்கு 140 மரம் வைத்தால் சுமார் 340 மரம். மரத்துக்கு வருடம் 3 கிலோ பொட்டாஷ் உரம், அதாவது எம்.ஓ.பி., என்று வைத்தால் 1 டன், 50 கிலோ மூட்டையில் 20. ஆலையிலிருந்து வரும் பச்சை வெறுங்குலை 1 டன்னில் இருக்கிற பொட்டாஷ் 19 கிலோ எம்.ஓ.பி.க்குச் சமம். அப்படியானால் உங்களுக்கு 53 டன் வெறுங்குலை வேண்டும். 3 டன் லோரியில் 18 நடை. யார் இறக்குவது, யார் பரப்புவது? வகுப்பெடுத்தவர் வந்து தள்ளுவண்டி தள்ளுவாரா?

அதே நாள், இரவு 11

சாப்பிட்டுவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். மாலையில் எழுதியதில் அவசரம் இருக்கிறது.

தோட்டங்களில் வெறுங்குலையை வளர்ந்த காட்டில் பரப்பும்போது ஹெக்டருக்கு 40 டன் என்பதுதான் வழக்கமான அளவு. உங்கள் 2.4 ஹெக்டருக்கு 96 டன். அதில் எம்.ஓ.பி. கணக்கில் 1,850 கிலோ வந்துவிடுகிறது, தேவைக்கு மேலேயே. யூரியா கணக்கில் டன்னுக்கு 7 கிலோ, ஆக 670 கிலோ, மரத்துக்கு 2 கிலோ. கீசரைட் (மக்னீசிய உரம்) டன்னுக்கு 4 கிலோவுக்கு மேல். பாறை பாஸ்பேட்தான் கொஞ்சம் இழுக்கும். ஆக வகுப்பில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, சத்துக் கணக்கு நிற்கிறது.

ஆனால் அந்த 96 டன் எங்கிருந்து வரும் என்று அவர் சொன்னாரா? உங்கள் காட்டில் ஹெக்டருக்கு 20 டன் குலை வெட்டினால் வருடத்துக்கு 48 டன் ஆலைக்குப் போகிறது. குலை எடையில் 22 சதவீதம்தான் வெறுங்குலையாகத் திரும்ப வெளியே வரும். 10 டன் சொச்சம். உங்கள் காட்டில் விளைந்ததன் பங்கு அவ்வளவுதான், அதில் இருக்கிற எம்.ஓ.பி. 200 கிலோ, தேவையில் ஐந்தில் ஒன்று. மீதிக்கு இன்னும் எட்டுப் பேருடைய வெறுங்குலையை நீங்கள் வாரிக்கொண்டு வர வேண்டும். எட்டுப் பேர் காட்டுச் சத்தை ஒரு காட்டில் கொட்டினால் அந்தக் காட்டுக்கு மூட்டை வேண்டாம், சரிதான். அந்த எட்டுப் பேர் கடைக்குப் போவார்கள்.

பெரிய தோட்டத்திலும் இதே கதைதான். ஆலைக்குப் பக்கத்துக் காடுகள் கறுகறுவென்று இருக்கும், எல்லைக் காடு மூட்டையை நம்பியே நிற்கும். லோரி எண்ணெய் செலவு அப்படி.

2024 பிப்ரவரி 20

தெலுக் இந்தான் அக்கா கேட்டது நியாயமான கேள்வி: நீ பச்சை வெறுங்குலைக்குக் கணக்குச் சொல்கிறாய், கேட்டவன் கம்போஸ்ட்டைத்தானே கேட்டான்?

அக்கா, மட்கவைப்பதால் புதுச் சத்து எதுவும் பிறப்பதில்லை. நார் கரைந்து காற்றோடு போகிறது, எடை பாதிக்கும் கீழே வருகிறது, உள்ளே இருந்த சத்து சின்ன இடத்தில் ஒடுங்குகிறது. 100 வெள்ளி (ரிங்கிட்) தாளை மாற்றிப் பத்துப் பத்தாக வைத்திருந்த ஆள் அதை மறுபடி ஒரே தாளாக மாற்றிக்கொண்டதுபோல. தூக்கிக்கொண்டு போக வசதி, தொகை அதேதான்.

ஆலையில் செய்யும் கம்போஸ்ட் வேறு கதை. அங்கே வெறுங்குலையைக் கிழித்து நீளநீளமாக வரப்புபோல் குவித்து, ஆலைக் கழிவுநீரை அதன் மேல் தெளித்துத் தெளித்துப் புரட்டுவார்கள். 1 டன் வெறுங்குலை போகப்போக 3 டன் கழிவுநீர் வரை குடித்துவிடும். அந்தத் தண்ணீரிலும் தழைச்சத்தும் பொட்டாஷும் இருப்பதால்தான் ஆலைக் கம்போஸ்ட் கனம் கூடுகிறது, காய்ந்த எடையில் தழைச்சத்து 2 சதவீதத்தை ஒட்டி வரும். கழிவுநீர் குளத்துக்குப் போகாததால் அங்கிருந்து மீத்தேன் கிளம்புவதும் குறைகிறது. நமக்கு அந்தத் தண்ணீர் கிடைக்காது. கிடைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் நம்மை ஊரில் இருக்க விடமாட்டார்.

அப்புறம் ஒரு திருத்தம். இப்போது நிறைய ஆலைகள் ஒட்டியிருக்கிற எண்ணெயை எடுக்க வெறுங்குலையைப் பிழிந்து நாராகக் கிழித்துத்தான் தள்ளுகின்றன. பிழியும்போது பொட்டாஷும் கொஞ்சம் சாற்றோடு போய்விடும். நான் சொன்ன 19 கிலோ பிழியாத பச்சைக் குலைக்கு.

2024 பிப்ரவரி 25

பொட்டாஷ் என்றதும் அப்பா ஞாபகம். அந்தக் காலத்தில் வெறுங்குலையை ஆலையிலேயே உலையில் போட்டு எரிப்பார்கள். சாம்பல்தான் உரம், பொட்டாஷ் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும். அப்பா சாம்பல் மூட்டை தூக்கிக் காட்டில் போட்டவர். சுண்ணாம்பு மாதிரிக் காரம், வியர்வை பட்டால் கையெல்லாம் வெந்துவிடும். இரவில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே துரையைத் திட்டுவார். புளித்த மண்ணுக்கும் கரிமண் சதுப்புக்கும் அந்தச் சாம்பல் நல்ல மருந்து என்று பிற்பாடு கிராணி வேலைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. புகைச் சட்டம் இறுகியபின் உலைகள் நின்றன, மலைமலையாக வெறுங்குலை மிஞ்சியது. இன்றைக்கு எல்லோரும் பேசுகிற பரப்பும் வேலையும் கம்போஸ்ட்டும் பெரும்பாலும் அந்தக் குவியலை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்ற கவலையிலிருந்து வந்தவைதான்.

எரித்தால் பொட்டாஷ் தங்கும், தழைச்சத்து முழுக்கப் புகையாகப் போய்விடும். அதையும் சொல்லிவிட வேண்டும். பழையதெல்லாம் பொன் இல்லை.

2024 மார்ச் 9

சரி, நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை உசுப்பிவிட்டீர்கள். நோன்பு மாதம் தொடங்குமுன் என்று இன்று ஆலையிலிருந்து 2 நடை, 6 டன், கிழித்த நார். லோரிக்கு 300 வெள்ளி. கோழிப்பண்ணையில் 30 மூட்டை கோழி எரு, 180 வெள்ளி. வெறுங்குலையில் கரிச்சத்து (கார்பன்) 50 பங்குக்கு மேல் இருந்தால் தழைச்சத்து 1 பங்குதான், அப்படியே குவித்தால் வருடக்கணக்கில் உறங்கும். 30-க்கு 1 என்ற அளவுக்குக் கொண்டுவந்தால்தான் சூடேறும், அதற்குத்தான் கோழி எரு.

ஒரு அடுக்கு நார், ஒரு அடுக்கு எரு, இடுப்புக்கு மேல் உயரம், 4 அடிக்குச் சற்று அதிகம். நானும் மச்சானும் காலை 8 முதல் மதியம் 2 வரை. மச்சான் தோட்டத்தில் ஒருநாளும் மண்வெட்டி பிடித்ததில்லை, ஆப்பீசில் சம்பளக் கணக்கு எழுதினவர். இன்றைக்கும் அதிகமும் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

2024 மார்ச் 11

நாற்றம்.

2024 மார்ச் 12

நேற்று எழுத நேரமில்லை. வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை, சன்னலை மட்டும் ஒவ்வொன்றாகச் சாத்தினாள், அதிலேயே புரிந்துவிட்டது. பக்கத்துக் காட்டு பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) நோன்பு ஆரம்பிக்கிற நாளில் வந்து சிரித்துக்கொண்டே, உன் குவியல் வாசத்தில் எனக்குப் பசியே எடுக்காது, நல்லதாய்ப் போயிற்று என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

தப்பு என் தப்புதான். கோழி எருவை அடுக்காகப் போட்டதில் அது அங்கங்கே கட்டியாக நின்று காற்றுப் புகாமல் அழுகுகிறது. போதாததற்கு நான் தண்ணீரை வேறு ஊற்றியிருக்கிறேன். அள்ளிக் கையில் பிழிந்தால் இரண்டு சொட்டு வர வேண்டும், எனக்கு ஒழுகியது. இன்று முழுக்க ஒருமுறை புரட்டி எருவை நாரோடு கலந்துவிட்டேன். மச்சானுக்கு இன்று முதுகுவலி.

2024 மார்ச் 17

இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தேன், பிடிக்க முடியவில்லை. கடையில் வாங்கிய வெப்பமானியில் 63 பாகை. வாடை போய்விட்டது, மழை பெய்த மண் வாசம் வருகிறது என்று எழுத ஆசை. பொய்யாகிவிடும். கோழிப்பண்ணைக்கு அரை மைல் தள்ளி நிற்கிற வாசம்.

குளுவாங் தம்பி, கூண்டில் அடைத்துச் சின்ன அளவில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக் கறிவேப்பிலைக்குச் செய்யலாம். சூடு தங்குவதற்குக் குவியலுக்கு ஒரு பருமன் வேண்டும்.

2024 ஏப்ரல் 14

ஹரி ராயாவுக்கு ஆலை அடைத்திருந்தது, குலை வெட்டும் இல்லை, பாக்சிக் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு. அந்த நான்கைந்து நாளும் விடாத மழை. குவியலை மூட கான்வாஸ் வாங்க வேண்டும் என்று மார்ச்சிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை.

இன்று போய்ப் பார்த்தால் குவியலின் அடியிலிருந்து காப்பித் தண்ணீர் மாதிரி கறுப்பாக ஓடி வாய்க்காலில் இறங்கியிருக்கிறது. பொட்டாஷுக்கு ஒரு குணம் உண்டு. அது நாரோடு இறுகப் பிணைந்து நிற்கிற சத்து இல்லை, செடியின் சாற்றில் மிதக்கிற உப்பு. செல் செத்ததும் மழைக்குக் கழன்றுவிடும். தழைச்சத்துக்கு மட்க வேண்டும், பொட்டாஷுக்கு ஒரு மழை போதும். ஆலை வாசலில் மாதக்கணக்கில் கிடந்து கறுத்த வெறுங்குலையைச் சும்மா தருகிறேன் என்பார்கள், ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள், அதில் முக்கால்வாசி வெறும் நார்.

வாய்க்கால் ஓரத்து லாலாங் புல் பத்து நாளில் முழங்காலைத் தாண்டிவிட்டது. என் 480 வெள்ளியில் எவ்வளவு அந்தப் புல்லுக்குப் போனதோ.

2024 ஏப்ரல் 15

பந்திங்காரர் கேலி: அப்படியானால் குவிக்காமல் அப்படியே காட்டில் பரப்பியிருந்தால் அந்தக் கறுப்புத் தண்ணீர் நேராக வேருக்குப் போயிருக்குமே?

ஆமாம். பதில் சொல்ல முடியாத கேலி. நேற்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன்.

2024 மே 5

குவியலை மூன்றாம் முறை புரட்டினேன். நடுவில் சூடு, புழு பூச்சி ஒன்றும் இல்லை. வடக்கு ஓரத்தில், கான்வாஸ் நிழலில் ஈரமாக ஆறிக் கிடந்த இடத்தில் மண்வெட்டி வைத்ததும் வெள்ளை வெள்ளையாக, கட்டைவிரல் பருமனில், சுருண்டு கிடக்கிறது கொம்பு வண்டுப் புழு. காண்டாமிருக வண்டு என்று புத்தகத்தில் போடுவார்கள். எண்ணினேன், 41.

இதைத் தெரிந்தே இருந்தவன் நான். தோட்டத்தில் வெறுங்குலையை ஒரே அடுக்காகப் பரப்பு, ஒன்றின் மேல் ஒன்று போடாதே என்று தண்டலிடம் (மேஸ்திரியிடம்) கத்தியே தொண்டை போனவன். குவியல்தான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. மறுநடவுக்குச் சாய்த்த பழைய மரத்தண்டும் அப்படித்தான். 60 பாகை சூட்டில் அது வாழாது என்ற தைரியத்தில் இருந்தேன், ஓரம் ஆறும் என்பதை மறந்துவிட்டேன். இளங்கன்று இருக்கிறவர்கள் கவனம். வண்டு குருத்தைத் துளைத்துப் போனால் பிறகு விரிகிற மட்டை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் வரும். அதைப் பார்த்தபின் செய்வதற்கு அதிகம் இல்லை.

2024 மே 6

கோழிகளுக்கு நேற்று தீபாவளி.

2024 மே 19

யாரோ 1917 பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆமாம், இந்த நாட்டில் செம்பனையை வியாபாரத்துக்காக முதலில் நட்டது எங்கள் ஊர்ப்பக்கம்தான், ஒரு பிரெஞ்சுத் துரையின் தோட்டம். வேடிக்கை என்னவென்றால் அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்க் காது உள்ளவனுக்கு அது தென்னை மரமாகத்தான் கேட்கும். தென்னை பெயரில் செம்பனை. அதற்கு முன் இந்த மரத்தை அழகுக்காக வைத்திருந்தார்களாம்.

இன்னொன்று, இழையை விட்டுப் போகிறேன், மன்னிக்கவும். அம்மா செம்பனைக்கு மகரந்தம் ஊதிய வேலைக்காரி. பூந்தூளை முகப்பவுடர் மாதிரி ஒரு மாவில் கலந்து, கையில் ஊதுகுழல் வைத்துக்கொண்டு மரம் மரமாகப் பெண் பூவுக்கு ஊத வேண்டும். கூடு, முள், பாம்பு எல்லாம் பார்த்து. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அரிசியைவிடச் சின்னது, அது இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துவிட்டது. அம்மா அதை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை. ஒரு வண்டு எங்கள் வீட்டு வருமானத்தைத் தின்றது, இன்னொரு வண்டு கம்போஸ்ட்டுக்குள் குட்டி போடுகிறது. செம்பனைக்காரன் ஜாதகம் வண்டில் இருக்கிறது.

2024 ஜூன் 16

14 வாரம். கம்போஸ்ட் தயார் என்று சொல்லலாம். கறுப்பு, பொலபொலப்பு, அங்கங்கே நார் முடிச்சு. தள்ளுவண்டிக் கணக்கில் சுமார் 3 டன். போட்டது எருவோடு ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு.

வரவு செலவு மச்சான் எழுதிக் கொடுத்தது: செலவு 480 வெள்ளி, கான்வாஸ் தனி. 6 டன் நாரில் எல்லாம் தங்கியிருந்தால் வரும் பொட்டாஷ் இரண்டே கால் மூட்டை. பிழிந்ததில் போனது, புல்லுக்குப் போனது கழித்தால் அவ்வளவும் இல்லை. யூரியா கணக்கில் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, கோழி எருவுடையதையும் சேர்த்தால் இன்னொரு பங்கு. கூலி போடவில்லை. மச்சான் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு, ‘தொழில் நஷ்டம்’ என்று எழுதியிருக்கிறார்.

2021 கடைசியிலிருந்து 2022 வரை பாஜா விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது இதைச் செய்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். நம் நாட்டில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது, கனடாவிலும் ரஷ்யாவிலும் பெலாருஸிலும் தோண்டினால்தான் நம் மரத்துக்கு. அங்கே சண்டை வந்தால் இங்கே மூட்டை விலை ஏறும். அந்தப் பயம் தம்பிக்கு இருப்பது நியாயமே, அதை முதல் நாளே நான் மதித்திருக்க வேண்டும்.

2024 ஜூன் 17

எங்கே போட்டேன் என்று சொல்லவில்லை.

என் 5 ஏக்கரில் பாதி களிமண். மீதிப் பாதி பழைய ஈயலம்பத்து மணல், ஈயம் அலசி எடுத்துவிட்டுக் கொட்டிய வெள்ளை மணல். அங்கே பாஜா போட்டு மறுநாள் மழை பெய்தால் பாஜா எங்கே என்று தேட வேண்டும். மணலுக்குப் பிடித்துவைக்கும் குணமே இல்லை. களிமண் பக்கம் ஒரு பிடி கம்போஸ்ட்கூடப் போடவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. மணலில் ஒரு வரிசையாக 20 மரம், மரத்துக்கு 150 கிலோ. பக்கத்து வரிசை 20 மரத்துக்கு ஒன்றும் போடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. மூட்டை உரம் இரண்டு வரிசைக்கும் ஒரே அளவு.

தண்டை ஒட்டிக் குவிக்கவில்லை, மரத்தைச் சுற்றிச் சுத்தமாக வைத்திருக்கிற வட்டத்துக்கு வெளியே, வெட்டிப் போட்ட மட்டை அடுக்கின் பக்கமாகப் பரப்பினேன். வளர்ந்த மரத்தின் தின்னும் வேர் அங்கேதான் அலைகிறது, தண்டடியில் இல்லை. இத்தனை வருடம் எல்லோரும் வட்டத்துக்குள்ளேயே கொட்டுகிறார்கள், கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக.

2024 ஜூன் 23

கனோடெர்மாவுக்கு (தண்டின் அடியை அழுக வைக்கிற காளான் நோய்) கம்போஸ்ட் மருந்தா என்று இரண்டு பேர் கேட்டார்கள். டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை கலந்த கம்போஸ்ட் மூட்டை விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாற்றங்காலில் சோதித்துப் பார்த்ததில் நோய் குறைந்தது உண்மை. வளர்ந்த மரத்தின் அடியில் காளான் வெளியே வந்து நிற்கும்போது எந்தக் கம்போஸ்ட்டும் அதைத் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. பழைய நோய்க் கட்டையின் வேரைப் புது மரத்தின் வேர் தொட்டால் போதும், நோய் தாவிவிடும். கட்டையைத் தோண்டி எடுப்பதில்தான் காசைப் போட வேண்டும்.

2024 ஆகஸ்ட் 4

ஜூலை முழுக்க மழையில்லாக் காய்ச்சல். மணல் பக்கம் ஒரு மரத்தில் குருத்து மூன்று விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஜூனில்தானே கனோடெர்மாவைப் பற்றிப் பெரிய மனிதன் மாதிரி எழுதினோம் என்று. அடியில் தட்டிப் பார்த்தேன், காளான் இல்லை, தண்டு கெட்டி. பக்கத்து மரம் பார்த்தால் அதுவும் இரண்டு மூன்று. தண்ணீர் பற்றாமல்தான்.

அப்புறம் கம்போஸ்ட் வரிசைக்கு நடந்தேன். 20-இல் 17 மரத்தில் விரியாத குருத்து ஒன்றுதான். மண்ணைக் கையால் தோண்டினால் அந்தக் கறுப்பு அடுக்குக்குக் கீழே இன்னும் ஈரம்.

மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சிவப்புக் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் 5

இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று உறுத்துகிறது. கம்போஸ்ட் வரிசை வாய்க்காலுக்கு ஒரு வரிசை கிட்டே. ஈரம் அதனால்கூட இருக்கலாம். 20 மரத்தை வைத்து ஊருக்கு உபதேசம் செய்யக் கூடாது. வரிசை வரிசையாகப் பிரிக்காமல் மாறி மாறிப் போட்டிருக்க வேண்டும், ஒன்றுக்குப் போட்டு ஒன்றை விட்டு. தோட்டத்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் எனக்கு இதை 1998-இலேயே சொல்லிக் கொடுத்தார், அப்போது அவர் வேலை கெடுக்கிறார் என்று நினைத்தேன்.

2024 செப்டம்பர் 15

மட்டை விஷயம். இது இழையின் கேள்விக்குப் பக்கவாட்டில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் எனக்கு இப்போது இதுதான் பெரிசாகப் படுகிறது.

ஒரு மரத்திலிருந்து வருடத்துக்கு இருபதுக்கு மேல் மட்டை வெட்டி விழுகிறது. ஹெக்டருக்குக் காய்ந்த எடையில் 10 டன்னை ஒட்டி. லோரி வேண்டாம், கூலி ஏற்கெனவே குலை வெட்டுகிறவனுக்குக் கொடுத்தாகிவிட்டது. 10 டன் வெறுங்குலைக்காக ஆலை வாசலில் வரிசை நிற்கிற நாம், காலடியில் விழுகிற மட்டையை வரிசைக்கு நடுவில் ஒரே கோடாக இருபது வருடம் ஒரே இடத்தில் அடுக்கிக்கொண்டே போகிறோம். அந்தக் கோட்டுக்குக் கீழே மண் கேக் மாதிரி இருக்கும், இரண்டடி தள்ளி செங்கல். என் மணல் பக்கத்திலும் அப்படித்தானா என்று தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்போது வெட்டுகிற பையனிடம் சொல்லி மரத்தைச் சுற்றி லாட வடிவில் போடச் சொல்லியிருக்கிறேன், தள்ளுவண்டிப் பாதையை மட்டும் விட்டு. வங்காளப் பையன், முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். உதிரிப் பழம் பொறுக்கக் கஷ்டம் என்கிறான், அவன் சொல்வது சரி. வட்டத்தைத் தொடாமல் வெளியே தள்ளிப் போடு என்று பேசி முடிந்தது.

கம்போஸ்ட்டையும் வெறும் தரையில் போடுவதைவிட மட்டை மேல் போட்டால் மழை அடித்துக்கொண்டு போவதில்லை. இதை ஜூனில் அரைகுறையாகச் செய்தேன், அடுத்த முறை முழுக்கச் செய்வேன்.

2024 செப்டம்பர் 16

எம்.எஸ்.பி.ஓ. (மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்) தணிக்கைக்கு வந்த பெண் பிள்ளை உரக் குறிப்பேட்டைக் கேட்டார். 2020 ஜனவரியிலிருந்து அந்தச் சான்றிதழ் எல்லோருக்கும் கட்டாயம், சின்னக் காட்டுக்காரனுக்கும்தான். குறிப்பேட்டில் கம்போஸ்ட் 3 டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கோழி தின்ற 41 புழுவும் அதில் இருக்கிறது. பூச்சி மேலாண்மை என்ற தலைப்பில் மச்சான் எழுதியது.

2024 நவம்பர் 3

தீபாவளி முடிந்து மகன் இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்தான், அவனை வைத்து மணல் பக்கம் நான்கு இடத்தில் தோண்டினேன். கம்போஸ்ட் போட்ட இடத்தில் மேல் ஒரு சாண் மண்ணுக்குள் மெல்லிய வெள்ளை வேர் வலை மாதிரி. போடாத வரிசையில் மட்டை அடுக்குக்குக் கீழேயும் கிட்டத்தட்ட அதே வலை. போடாத வரிசையில் வெறுந்தரை: மணல், ஒரு பழைய ஈயலம்பத்து ஆணி.

குளுவாங் தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்: அண்ணே, எட்டு மாதமாகப் படிக்கிறேன், நான் என்னதான் செய்ய?

முதல் நாள் சொன்ன ‘நம்பாதீர்கள்’ என்பதை வாபஸ் வாங்குகிறேன், பாதியை. உங்கள் மண் களியாக இருந்தால் மட்டையை ஒழுங்காகப் பரப்புங்கள், மூட்டையை நிறுத்தாதீர்கள், கம்போஸ்ட்டுக்கு லோரிக் காசு செலவழிக்காதீர்கள். மணலோ சரளையோ உள்ள மூலை இருந்தால் அங்கே மட்டும் போடுங்கள். கம்போஸ்ட்டைப் பாஜாவுக்குப் பதிலாக நினைக்காமல், பாஜா ஓடிப்போகாமல் பிடித்துவைக்கிற பாயாக நினைத்தால் உங்களுக்கு ஏமாற்றம் வராது. ஆலை கிட்டே இருந்து பச்சை வெறுங்குலை வந்த அன்றே பரப்ப முடிந்தால் மட்கவைக்கும் பாடே வேண்டாம், பந்திங்காரர் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார், நான் வீம்புக்குக் கேட்கவில்லை. மண்ணையும் ஓலையையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மூட்டையில் கை வையுங்கள். இரண்டாம் வருடம் பொட்டாஷைக் கால் பங்கு குறைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், அந்த 20 மரத்தில் மட்டும்.

2024 நவம்பர் 8

லோரிக்காரர் கூப்பிட்டார், ஞாயிறு காலை ஒரு நடை பச்சை வெறுங்குலை, பிழியாதது, அப்போதுதான் ஆலையில் வெந்து வருவது. இந்த முறை குவிக்கப் போவதில்லை, நேராக மணல் பக்கம், ஒரே அடுக்கு, ஒரு மரம் விட்டு ஒரு மரம். மச்சானுக்கு இப்போதே முதுகுவலி தொடங்கிவிட்டது. பக்கத்தில் யாராவது இருந்தால் ஒரு தள்ளுவண்டி இரவல் வேண்டும், சக்கரத்தில் காற்று இருந்தால் நல்லது.